பிளாக் பிளாக்காக ஒரு சோதனை

பேட்பிளாக்ஸ் என்பது லினக்ஸில் ஹார்ட் டிஸ்க்கின் பரப்பைச் சோதிக்கும் கமாண்ட். எக்ஸ்ட்2, எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டங்களை உருவாக்கவும் சரிபார்க்கவும் பயன்படும் இ2எஃப்எஸ்ப்ராக்ஸ் தொகுப்போடு சேர்ந்து வருகிறது. இதை முதலில் எழுதியவர் ரெமி கார்டு. பராமரிப்பை ஏற்றுக்கொண்டவர் தியோடர் ட்சோ. டிஸ்க்கில் இருப்பதை அழிக்காமலேயே எழுதிப் பார்க்கும் வசதியைச் சேர்த்தவர் டேவிட் பீட்டி. கமாண்டின் வேலை எளிது. டிஸ்க்கை முதல் பிளாக்கிலிருந்து கடைசி பிளாக் வரை வரிசையாகப் படிக்கும். படிக்க முடியாத பிளாக்கின் எண்ணை வெளியிடும். எது ஃபைல், எது ஃபோல்டர், எது காலி இடம் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. கல்யாணப் படம் இருக்கும் பிளாக்கும் ஒன்றுமே எழுதாத பிளாக்கும் அதற்கு ஒன்றுதான்.

கடைகளில் 'பேட் செக்டர் விழுந்துடுச்சு' என்று சொல்வதுதான் இந்தக் கமாண்ட் தேடும் பொருள். டிஸ்க்கின் தட்டில் தகவல் செக்டர் செக்டராக எழுதப்படுகிறது. நெடுங்காலம் ஒரு செக்டர் 512 பைட்டாக இருந்தது. 2010-ஐ ஒட்டி வந்த டிஸ்க்குகளில் உள்ளே 4096 பைட்டாகிவிட்டது. கம்ப்யூட்டரிடம் மட்டும் பழைய கணக்கையே சொல்லிவந்தன. ஒவ்வொரு செக்டரோடும் பிழைதிருத்தக் குறியீடு ஒன்றும் எழுதப்படும். படிக்கும்போது சில பிட்டுகள் தவறிப்போனால் அந்தக் குறியீட்டை வைத்து டிஸ்க் தானே சரிசெய்துகொள்ளும். நல்ல டிஸ்க்கிலும் இது ஓயாமல் நடக்கிற காரியம்; வெளியே தெரிவதில்லை. குறியீட்டாலும் மீட்க முடியாத அளவுக்குப் பிழை போனால்தான் 'படிக்க முடியவில்லை' என்று டிஸ்க் கைவிரிக்கிறது.

அப்படிக் கைவிரிப்பதற்கு இரண்டு வகைக் காரணங்கள் உண்டு. தட்டின் காந்தப் பூச்சிலேயே கீறலோ தேய்மானமோ இருப்பது ஒரு வகை. பூச்சு நன்றாகத்தான் இருக்கிறது, எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் கரன்ட் போனதாலோ மேசை அதிர்ந்ததாலோ எழுத்து அரைகுறையாக நின்றுவிட்டது என்பது இன்னொரு வகை. படித்துப் பார்க்கும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். திரும்ப எழுதிப் பார்த்தால்தான் வேறுபாடு புலப்படும்.

பேட்பிளாக்ஸ் எதற்காகப் பிறந்தது என்பதை அறிய, டிஸ்க்குகள் தம் குறையை மறைக்கத் தெரியாமல் இருந்த காலத்துக்குப் போக வேண்டும். 1980-களின் டிஸ்க்குகள், 20 எம்பி கொள்ளளவுள்ள சீகேட் எஸ்டி-225 போன்றவை, தொழிற்சாலையிலிருந்து வரும்போதே மேலே ஒரு லேபிள் ஒட்டி வந்தன. எந்த சிலிண்டரில், எந்த ஹெட்டில் குறை இருக்கிறது என்ற பட்டியல் அதில் இருக்கும். புதுப் பொருளில் குறைப் பட்டியலா என்று வாங்குபவர் கேட்பதில்லை; குறையில்லாத தட்டு செய்வது அவ்வளவு கடினம் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. டாஸில் டீபக் கமாண்டைத் திறந்து ஜி=சி800:5 என்று தட்டினால் கன்ட்ரோலர் அட்டைக்குள் இருக்கும் ஃபார்மட் புரோகிராம் ஓடும். லேபிளில் உள்ள எண்களை அதில் ஒவ்வொன்றாகக் கையால் ஏற்ற வேண்டும். பிறகு டாஸ் ஃபார்மட் ஓடி, அந்த இடங்களை ஃபைல் அட்டவணையில் பேட் என்று குறித்துவிடும். ஃபேட்16-இல் அந்தக் குறி எஃப்எஃப்எஃப்7.

1993-இல் எம்எஸ்-டாஸ் 6.2 ஸ்கேன்டிஸ்க்கைக் கொண்டுவந்தது. நீலத் திரையில் கட்டம் கட்டமாக டிஸ்க் விரியும்; பழுதான இடத்தில் 'பி' என்ற எழுத்து விழும். தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் சென்டர்களில் வேலை பார்த்த எவருக்கும் இந்தத் திரை மறந்திருக்காது. விண்டோஸ் 98-ஐ ஒழுங்காக ஷட்டவுன் செய்யாமல் கரன்ட் போய்விட்டால், அடுத்த முறை ஆன் செய்யும்போது ஸ்கேன்டிஸ்க் தானாகவே வந்து நிற்கும். வாடிக்கையாளர்கள் அதை வைரஸ் என்று நினைத்து செட்டைத் தூக்கிக்கொண்டு வந்ததை இக்கட்டுரையாளர் பலமுறை பார்த்ததுண்டு.

லினக்ஸ் பக்கத்தில் இதே வேலைக்குத்தான் பேட்பிளாக்ஸ். அது கண்டுபிடிக்கும் எண்களை ஃபைல் சிஸ்டம் தனியே எழுதிவைத்துக்கொள்ளும். எக்ஸ்ட் குடும்பத்தில் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஐநோடு என்ற பதிவு உண்டு; 1-ஆம் எண் ஐநோடு இதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. பழுதான பிளாக்குகள் எல்லாம் அந்த ஐநோடுக்குச் சொந்தமான ஒரு கண்ணுக்குத் தெரியாத ஃபைலைப் போல ஆகிவிடும். அதனால் வேறு எந்த ஃபைலுக்கும் அவை போகமாட்டா. டம்ப்இ2எஃப்எஸ் கமாண்டை -பி ஆப்ஷனோடு கொடுத்தால் அந்தப் பட்டியலைப் பார்க்கலாம்.

கமாண்டைத் தனியாக ஓட்ட வேண்டாம், இ2எஃப்எஸ்சிகே அல்லது எம்கேஇ2எஃப்எஸ் வழியாக -சி ஆப்ஷன் கொடுத்து ஓட்டுங்கள் என்று அதன் கையேட்டுப் பக்கமே எச்சரிக்கிறது. காரணம் பிளாக்கின் அளவு. பேட்பிளாக்ஸ் தானாக எடுத்துக்கொள்ளும் அளவு 1024 பைட். ஃபைல் சிஸ்டத்தின் பிளாக் பெரும்பாலும் 4096 பைட். பழுதான ஒரே இடம் முதல் கணக்கில் 36,70,016-ஆவது பிளாக் என்றால் இரண்டாவது கணக்கில் 9,17,504-ஆவது பிளாக். முதல் எண்ணை அப்படியே ஃபைல் சிஸ்டத்திடம் கொடுத்தால், பார்ட்டிஷனில் 3.7 ஜிபி தாண்டி இருக்கும் பழுதை விட்டுவிட்டு 15 ஜிபியில் இருக்கும் நல்ல இடத்தை அது ஒதுக்கிவைக்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. எல்லாம் சரியாகிவிட்டது என்ற நினைப்போடு டிஸ்க் மீண்டும் வேலைக்குப் போகும். கையேட்டை முழுக்கப் படிக்காதவர்கள் அகப்பட்டுக்கொள்ளும் இடங்களில் முதன்மையானது இதுதான்.

கமாண்டுக்கு மூன்று முகங்கள். ஆப்ஷன் எதுவும் கொடுக்காவிட்டால் படித்து மட்டும் பார்க்கும். -என் கொடுத்தால் ஒரு தொகுதி பிளாக்குகளைப் படித்து நினைவகத்தில் வைத்துக்கொண்டு, அவற்றின் மேல் சோதனை எழுத்தை எழுதி, திரும்பப் படித்து ஒப்பிட்டு, பழைய தகவலை மறுபடி எழுதிவைக்கும். -டபிள்யூ கொடுத்தால் டிஸ்க்கில் இருப்பதைப் பற்றிக் கவலைப்படாமல் ஏஏ, 55, எஃப்எஃப், 00 என்ற நான்கு எழுத்துக் கோலங்களை ஒவ்வொன்றாக டிஸ்க் முழுக்க எழுதி, ஒவ்வொன்றையும் முழுக்கப் படித்துப் பார்க்கும். முதல் இரண்டும் ஒற்றை பிட்டும் இரட்டை பிட்டும் மாறி மாறி எரிகிற, அணைகிற கோலங்கள்; பின்னிரண்டும் எல்லாம் ஒன்று, எல்லாம் பூஜ்யம். -எஸ் கொடுத்தால் எத்தனை சதவீதம் முடிந்தது என்று காட்டும். -வி கொடுத்தால் விவரம் சொல்லும். அடைப்புக்குறிக்குள் மூன்று எண்கள் வரும்: படிப்பதில் பிழை, எழுதுவதில் பிழை, ஒப்பிடுவதில் பிழை. மூன்றாவது எண் ஏறினால் கலவரப்பட வேண்டும். எழுதிய டிஸ்க் 'சரி' என்றது, படித்த டிஸ்க்கும் 'சரி' என்றது, ஆனால் எழுதியது ஒன்று, வந்தது வேறு என்று அதற்குப் பொருள்.

டிஸ்க்கின் ஒரு பகுதியை மட்டும் சோதிக்க விரும்பினால் கடைசி பிளாக்கை முதலிலும் முதல் பிளாக்கைக் கடைசியிலும் கொடுக்க வேண்டும். இந்தத் தலைகீழ் வரிசையைப் பழகிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

மவுன்ட் ஆகியிருக்கும் பார்ட்டிஷனில் எழுத்துச் சோதனையை நடத்த அது மறுத்துவிடும். -எஃப் கொடுத்து அந்த மறுப்பை மீறலாம், மீறக் கூடாது.

சோதனை எடுக்கும் நேரம் எளிய வகுத்தல் கணக்கு. 500 ஜிபி டிஸ்க் நொடிக்குச் சராசரி 70 எம்பி வேகத்தில் படித்தால் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். பழுது இல்லாதவரைதான் இந்தக் கணக்கு. பழுதான செக்டர் ஒன்றில் ஹெட் சிக்கிக்கொண்டால், வீட்டு உபயோக டிஸ்க் விடாமல் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருக்கும். கர்னல் வழக்கமாக 30 நொடி பொறுத்துப் பார்த்து டிஸ்க்கை ரீசெட் செய்யும். சதவீதம் அசையாமல் நிற்பதும், கேபினெட்டுக்குள் 'டக், டக்' என்று சத்தம் வருவதும், பிறகு ஓர் எண் திரையில் விழுவதும் இந்தக் கமாண்டை ஓட்டியவர்களுக்குப் பழகிப்போன வரிசை.

2012-இல் தமிழ்நாட்டின் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. சென்னைக்கு வெளியே பகலிலும் இரவிலுமாகப் பல மணி நேரம் கரன்ட் இருக்காது. தென் மாவட்ட நகரம் ஒன்றின் அச்சகத்தில், டிடிபி மெஷின்கள் எல்லாம் பகிர்ந்துகொண்ட லினக்ஸ் சர்வரின் 500 ஜிபி டிஸ்க் அந்த நாட்களில்தான் முரண்டு பிடித்தது. கட்டுரையாளர் அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர். காலண்டர் வேலை நெருக்கும் பருவம். பேஜ்மேக்கர் ஃபைல் ஒன்றைத் திறந்தால் விண்டோஸ் மெஷின் உறைந்துபோனது. சர்வரின் கர்னல் பதிவான டிமெசேஜில் ஐ/ஓ எரர் என்ற வரியும் செக்டர் எண்ணும் மாறி மாறி வந்திருந்தன.

அச்சகத்துக்காரருக்கு ஒரே கேள்விதான் இருந்தது. "தம்பி, எப்ப முடியும்?"

"கரன்ட் போகாம இருந்தா காலையில முடிஞ்சிரும் அண்ணாச்சி."

அந்த நிபந்தனை வெறும் பேச்சுக்குச் சொன்னதல்ல. படித்து மட்டும் பார்க்கும் சோதனை பாதியில் நின்றால் இழப்பு நேரம் மட்டுமே. -என் சோதனை பாதியில் நின்றால் கதை வேறு. கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்தினால், கையில் இருக்கும் பழைய தகவலைத் திரும்ப எழுதிவிட்டுத்தான் கமாண்ட் வெளியேறும். கரன்ட் போனால் அந்த வாய்ப்பு இல்லை. நினைவகத்தில் எடுத்து வைத்திருந்த பிளாக்குகளின் இடத்தில் சோதனைக் கோலம் மட்டும் மிஞ்சும். 'அழிக்காத சோதனை' என்ற பெயர் யுபிஎஸ் தாங்கும்வரைதான் உண்மை. இன்வெர்ட்டர் பேட்டரியே பாதி சார்ஜில் நின்ற அந்த மாதங்களில் எழுத்துச் சோதனையை எவரும் நம்பித் தொடங்கியிருக்க முடியாது. படிப்புச் சோதனை மட்டும் இரவில் ஓடியது.

விழுந்த எண்கள் டிஸ்க் முழுக்கச் சிதறியிருக்கவில்லை. ஓரிரு இடங்களில் குவிந்திருந்தன. எண் கிடைத்துவிட்டால் அடுத்த கேள்வி, அது யாருடைய ஃபைல் என்பது. டிமெசேஜ் சொல்லும் செக்டர் எண் முழு டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்து 512 பைட் கணக்கில் எண்ணப்படுவது. ஃபைல் சிஸ்டத்தின் பிளாக் எண்ணோ பார்ட்டிஷனின் தொடக்கத்திலிருந்து வருவது. பார்ட்டிஷன் 2048-ஆவது செக்டரில் தொடங்குகிறது, பழுதான செக்டர் 73,42,080 என்றால், முன்னதைக் கழித்து எட்டால் வகுக்க 9,17,504 கிடைக்கும். டீபக்எஃப்எஸ் கமாண்டுக்குள் ஐசெக் என்று கேட்டால் அந்த பிளாக் எந்த ஐநோடுக்குச் சொந்தம் என்று சொல்லும். என்செக் என்று கேட்டால் அந்த ஐநோடின் பெயரைச் சொல்லும். அன்று கிடைத்த விடைகளில் பாதி 'எவருக்கும் சொந்தமில்லை' என்பது. மீதியில் பெரும்பகுதி முடிந்துபோன பழைய அழைப்பிதழ் வேலைகள். நடப்பு காலண்டர் ஃபைல் ஒன்றும் அகப்பட்டிருந்தது. அதன் பிரதி டிசைனரின் பென் டிரைவில் இருந்தது. பழுது எத்தனை பிளாக் என்பதைவிட அந்த பிளாக்கில் என்ன இருந்தது என்பதுதான் ஓர் அச்சகத்துக்கு முக்கியம். சோதனை ஓட்டுபவர்களில் பலர் ஐசெக்கையும் என்செக்கையும் தொடாமலேயே டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுவிடுவது வருத்தத்துக்குரியது.

இதே டிஸ்க்கில் அடுத்து நடந்தது பேட்பிளாக்ஸின் இன்றைய இடத்தைக் காட்டுகிறது. அந்த ஃபைல்களை நீக்கி, பழுதான பிளாக்குகளின் மேல் பூஜ்யம் எழுதிய பிறகு மறுபடி படித்துப் பார்த்தபோது அவற்றில் பெரும்பாலானவை நல்ல பிளாக்குகளாகிவிட்டன. டிஸ்க் குணமானது போலத் தோன்றும். நடந்தது அதுவல்ல.

1980-களின் கடைசியிலிருந்து ஐடிஇ டிஸ்க்குகள் தம் குறைப் பட்டியலைத் தாமே வைத்துக்கொள்ளத் தொடங்கின. தொழிற்சாலையில் கண்டவை ஒரு பட்டியலில், பயன்பாட்டில் வந்தவை இன்னொரு பட்டியலில். உபரி செக்டர்கள் தட்டிலேயே ஒதுக்கப்பட்டிருக்கும். ஒரு செக்டரைப் படிக்க முடியவில்லை என்றால் டிஸ்க் அதை உடனே மாற்றிவிடாது. உள்ளே இருந்த தகவலை ஒருவேளை பிறகு படிக்க முடியலாம் என்று 'நிலுவை' கணக்கில் வைக்கும். டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அட்டவணையில் 197-ஆம் எண் இந்தக் கணக்கு. யாராவது அந்த இடத்தில் புதிதாக எழுதினால்தான் பழைய தகவல் வேண்டாம் என்பது டிஸ்க்குக்கு உறுதியாகிறது. எழுத்து நன்றாகப் பதிந்தால் நிலுவையிலிருந்து நீக்கிவிடும். பதியாவிட்டால் உபரி செக்டர் ஒன்றை அதன் இடத்தில் வைத்து, 5-ஆம் எண் கணக்கில் ஒன்றைக் கூட்டும். கம்ப்யூட்டருக்கு இந்த மாற்றம் தெரியவே தெரியாது.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் முதல் ஊர்க் கடைகள் வரை எங்கும் கேட்கும் 'லோ லெவல் ஃபார்மட் போட்டா சரியாயிடும்' என்ற வைத்தியத்தின் ரகசியமும் இதுதான். ஐடிஇ காலத்துக்குப் பின் உண்மையான லோ லெவல் ஃபார்மட் பயனர் கையில் இல்லை. கடையில் ஓடும் புரோகிராம் டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதுகிறது. எழுதும்போது டிஸ்க் தன் கணக்கைத் தீர்த்துக்கொள்கிறது. பேட் செக்டர் 'போய்விடுகிறது'. அதில் இருந்த படமும் போய்விடுகிறது.

ஆகவே பட்டியல் எடுத்து ஃபைல் சிஸ்டத்திடம் கொடுக்கும் பழைய வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. இன்றைய டிஸ்க்கில் படிப்புச் சோதனை, நெடுநாள் தொடாமல் கிடந்த இடங்களையும் படிக்கவைத்து, மறைந்திருக்கும் பழுதை நிலுவைக் கணக்குக்குக் கொண்டுவருகிறது. எழுத்துச் சோதனை அந்த நிலுவையைத் தீர்த்துவைக்கிறது. சோதனைக்கு முன்னும் பின்னும் ஸ்மார்ட் அட்டவணையைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் -ஏ ஓட்டி 5, 197, மீட்க முடியாத செக்டர்களைக் கணக்கிடும் 198 ஆகிய மூன்று எண்களையும் குறித்துவைத்து ஒப்பிட வேண்டும். சோதனையின் முடிவு பேட்பிளாக்ஸின் திரையில் இருப்பதைவிட இந்த ஒப்பீட்டில்தான் அதிகம் இருக்கிறது. பேட்பிளாக்ஸ் 'பூஜ்யம்' என்று சொன்னாலும் 5-ஆம் எண் ஏறியிருந்தால் டிஸ்க் உள்ளே உபரியைத் தின்றுகொண்டிருக்கிறது.

ஒற்றை செக்டரை மட்டும் எழுதிச் சரிசெய்ய எச்டிபார்ம் கமாண்டில் வழி உண்டு. 'நான் என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரியும்' என்று ஆங்கிலத்தில் நீளமாகத் தட்டச்சு செய்தால்தான் அது எழுதும். லினக்ஸ் கருவிகளில் இவ்வளவு நேர்மையான ஆப்ஷன் வேறு இல்லை.

எண்கள் ஆயிரக்கணக்கில் கொட்டினால் உடனே டிஸ்க்கைக் குற்றம் சொல்லிவிடக் கூடாது. ரீசெட்டுக்குப் பிறகு டிஸ்க் திரும்பி வராமல் இணைப்பிலிருந்து விழுந்துவிட்டால், மீதி பிளாக்குகள் அனைத்தையும் பேட்பிளாக்ஸ் பழுது என்றே எழுதிக்கொண்டுபோகும். இல்லாத டிஸ்க்கை அது படிக்க முயன்றுகொண்டிருக்கிறது. இதற்காகவே -இ ஆப்ஷன்: இத்தனை பிழை வந்தால் நிறுத்து என்று சொல்லலாம். சாட்டா கேபிள் தளர்ந்திருந்தால் ஸ்மார்ட்டின் 199-ஆம் எண் ஏறும். கேபிளை மாற்றினால் போதும். பலவீனமான எஸ்எம்பிஎஸ், மலிவான யுஎஸ்பி பெட்டி, பழுதான ரேம் ஆகியவையும் டிஸ்க்கின் மேல் பழி போடும். ஒப்பீட்டுப் பிழை மட்டும் வந்து ஸ்மார்ட் எண்கள் அசையாதிருந்தால் முதலில் ரேமைத்தான் சோதிக்க வேண்டும்.

பேக்கப் இல்லாத டிஸ்க் முரண்டு பிடித்தால் பேட்பிளாக்ஸை ஓட்டவே கூடாது. சாகும் டிஸ்க்கில் மிஞ்சியிருக்கும் ஆயுளை எண்களைச் சேகரிப்பதில் செலவழிப்பது வீண். அந்த வேளைக்கு உரியது ஆன்டோனியோ டியாஸ் டியாஸ் எழுதிய ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ. அது முதலில் எளிதில் படிக்கக்கூடிய பகுதிகளை வேறு டிஸ்க்குக்கு எடுத்துவிடும். முரண்டு பிடிக்கும் இடங்களைக் கடைசியில் சுரண்டும். எங்கே நிறுத்தியது என்பதை மேப் ஃபைலில் எழுதிவைப்பதால் கரன்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அச்சக டிஸ்க்கில் காலண்டர் வேலைகள் முடிந்த கையோடு இதுதான் நடந்தது. பழைய டிஸ்க் சர்வருக்குத் திரும்பவில்லை.

புது டிஸ்க்குக்குத்தான் -டபிள்யூ. வாங்கியவுடன், தகவல் ஏற்றுமுன் ஒரு முறை முழுக்க ஓட்டினால், உத்தரவாதக் காலத்தின் தொடக்கத்திலேயே பழுதை வெளியே கொண்டுவந்துவிடலாம். கமாண்ட் கொடுக்குமுன் எல்எஸ்பிஎல்கே ஓட்டி அளவையும் சீரியல் எண்ணையும் பார்க்க வேண்டும். நேற்று எஸ்டிபி என்று வந்த டிஸ்க் இன்று எஸ்டிசி என்று வரலாம். /டெவ்/டிஸ்க்/பை-ஐடி என்ற ஃபோல்டரில் மாடலும் சீரியலும் சேர்ந்த பெயர் இருக்கும். அதைக் கொடுப்பதே பாதுகாப்பு.

பெரிய டிஸ்க்குகளில் இந்தக் கமாண்டுக்கு மூச்சு வாங்குகிறது. பிளாக் எண்ணை 32 பிட்டில் வைத்திருப்பதால், 1024 பைட் கணக்கில் 6 டிபி டிஸ்க்கை ஏற்காது. -பி 4096 கொடுக்க வேண்டும். 18 டிபிக்கு அதுவும் போதாது, 8192 வேண்டும். அதே 18 டிபி டிஸ்க்கை நொடிக்கு 200 எம்பி வேகத்தில் ஒருமுறை படிக்க 25 மணி நேரம். நான்கு கோலங்களையும் எழுதிப் படிக்க 200 மணி நேரம், அதாவது எட்டு நாளுக்கு மேல். அவ்வளவு நேரம் இல்லாதவர்கள் ஸ்மார்ட்சிடிஎல் வழியாக டிஸ்க்கின் சொந்த நீண்ட சோதனையை ஓட்டலாம். சோதனை நடக்கும்போதே டிஸ்க்கைப் பயன்படுத்தவும் முடியும்.

எஸ்எஸ்டியில் பிளாக் எண்ணுக்கும் சிப்பில் உள்ள இடத்துக்கும் நிலையான தொடர்பு இல்லை. ஒவ்வொரு முறை எழுதும்போதும் இடம் மாறுகிறது. அங்கே -டபிள்யூ ஓட்டினால் எழுத்து ஆயுள்தான் குறையும். படித்து மட்டும் பார்த்தால் போதும்.

சுழலும் டிஸ்க்கில் ஓரிரு பழுது வந்து, அது திரும்ப எழுதியபின் தீர்ந்து, 5-ஆம் எண் மாதக்கணக்கில் அசையாமல் இருந்தால் அந்த டிஸ்க்கை முக்கியமில்லாத வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். அடுத்த சோதனையில் எண் மறுபடி ஏறினால் அதைக் கழற்றிவிடுங்கள்.